பத்தாவது ஆள்

சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, என் மகளின் மகள் பள்ளிக்கூடக் கொப்பியுடன் வந்து எனக்கு முன்னால் அமர்ந்தாள். வெளியே அந்த வருடத்தின் முதற் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. இங்கே செக்கொந்தேர் என்று சொல்லும் மேல்நிலைப் பள்ளியில் அவள் முதலாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்பு. உரோமப் படை காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறியது என்று படங்களுடன் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தாராம்.

"அம்மப்பா, நீங்கள் ஊரில இதைத்தானே படிப்பிச்சனீங்கள் எண்டு அம்மா சொன்னவ."

ஓம் என்றேன். 1979 முதல் 1984 வரை யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருடங்களாக அந்தப் பாடத்தை ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஏன் என்று மகளுக்கும் சொன்னதில்லை. அன்று பேத்திக்குச் சொன்னதையும் அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் லிவியையும் பொலிபியசையும் ஆங்கில மொழிபெயர்ப்பில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்துதான் வாசித்தேன். 1981 மே 31 இரவு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள்; ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் எரிந்து போயின. அதற்கு முன் ஒரு சீ.ஆர். கொப்பியில் நான் எழுதி வைத்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. பிறகு அந்தக் கொப்பிதான் எனக்கு நூலகம். மாணவர்களுக்கும் உரோமர் முழு அந்நியராகத் தெரியவில்லை. முல்லைப்பாட்டில் அரசனுடைய பாசறையில் காவல் நின்ற யவனரைத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள்.

முதல் உரோமப் படை கமக்காரரின் படை. படைக்குப் போக வேண்டுமானால் சொத்து இருக்க வேண்டும். ஆயுதத்தை அவனவனே வாங்கிக்கொள்ள வேண்டும். சொத்தின் அளவுக்கு ஏற்ற வகுப்பு, வகுப்புக்கு ஏற்ற ஆயுதம். கையில் ஒன்றுமில்லாதவன் போருக்கு வரத் தேவையில்லை; இழப்பதற்கு எதுவும் இல்லாதவன் எதற்காக நின்று சண்டை பிடிப்பான் என்பது அவர்களுடைய நியாயம். சண்டையும் கிரேக்கரிடம் இருந்து வந்த முறைதான். தோளோடு தோள் நெருக்கி, கேடயத்தோடு கேடயம் உரச, ஈட்டியை நீட்டிக்கொண்டு ஒரே சுவராக நகர்வது. இதற்கு ஃபலாங்ஸ் என்று பெயர். சமதரையில் அது அசைக்க முடியாத சுவர். மேடு பள்ளத்தில் சுவர் வெடிக்கும். ஓரிடத்தில் வெடித்தால் முழுவதும் சரியும்.

அந்தச் சுவர் எதற்கும் உதவாது என்று உரோமருக்குப் படிப்பித்தவர்கள் சம்னைத்தர் என்ற மலைநாட்டார். கி.மு. 343 தொடங்கி 290 வரை மூன்று போர்கள். 321இல் கவுடைன் என்ற கணவாய்க்குள் ஒரு முழு உரோமப் படையை மறித்துப் பிடித்தார்கள். கொல்லவில்லை. ஈட்டிகளால் ஒரு நுகத்தடி கட்டி, அதற்குக் கீழே உரோமர் எல்லோரையும் ஆயுதமின்றிக் குனிந்து போக வைத்தார்கள்.

வகுப்பில் சம்னைத்தர் எனக்கு ஒரு பெயர் மட்டுமே. அவர்களில் ஒருவரை நேரில் கண்டது மொன்றியலில். 1988இல் நான் இங்கு வந்து, சென் லோறன் வீதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். தலைமைச் சமையற்காரர் இத்தாலியின் மொலீசே மாகாணத்தவர். நான் உரோம வரலாறு படிப்பித்தவன் என்று அறிந்ததும் கரண்டியை உயர்த்திக்கொண்டு, தான் உரோமன் இல்லை, உரோமரைக் குனிய வைத்தவர்களின் ஊரான் என்று சத்தம் போட்டார். பழைய சம்னைத்தர் நாட்டின் பெரும்பகுதிதான் இன்றைய மொலீசே. இங்கே குட்டி இத்தாலியில் ஜோன்-தலோன் சந்தைக்கு அருகில் உள்ள மாதா கோயிலும் மொலீசேயில் இருந்து வந்தவர்கள் கட்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பீடத்துக்கு மேலே குவிமாட ஓவியத்தில், புனிதர்களுக்கும் கர்தினால்மாருக்கும் கீழே, குதிரையில் முசோலினி இருக்கிறார். 1929இல் வத்திக்கானுடன் செய்த ஒப்பந்தத்தின் நினைவாக குயிதோ நின்கேரி வரைந்தது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் நின்கேரியைக் கனடிய அரசு பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்தது. ஓவியம் இன்றும் இருக்கிறது.

முசோலினி தன்னுடைய கருஞ்சட்டைப் படைக்கு லீஜியன், கொஹோர்ட், மனிப்புலஸ் என்று பழைய உரோமப் பெயர்களையே வைத்தவர். சமையற்காரர் அதைச் சொல்லிவிட்டு, பெயர் வைப்பதற்குக் காசு தேவையில்லை என்றார். எங்கள் ஊர்ப் பெடியளின் கப்டன், மேஜர், கேணல் எல்லாம் அப்போது என் நினைவுக்கு வந்தன. ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

சம்னைத்தருடன் பட்ட பாட்டில் இருந்துதான் உரோமர் தங்கள் சுவரைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மனிப்புலஸ் என்று பெயர். இலத்தீனில் ஒரு கைப்பிடி என்று பொருள். கைப்பிடிக்கு 120 பேர். கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே இன்னொரு கைப்பிடி நிற்கக்கூடிய இடைவெளி. மூன்று வரிசை. முன்னால் இளைஞர், நடுவில் முதிர்ந்தவர், கடைசியில் பழைய போர்வீரர். முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசையின் கைப்பிடி நிற்கும். சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்கள் போல என்று பேத்திக்குச் சொன்னேன். பொலிபியசின் கணக்குப்படி ஒரு லீஜியனில் காலாட்கள் 4,200 பேர்: ஈட்டியெறியும் இலேசான வீரர் 1,200, முதல் வரிசை 1,200, இரண்டாவது 1,200, மூன்றாவது 600. அத்துடன் 300 குதிரைவீரர்.

"ஏன் இடைவெளி விட்டவை? எதிரி உள்ளுக்கு வருவான்தானே?" என்றாள்.

இந்தக் கேள்வியை எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்டிருக்கிறார். இடைவெளி பின்வாங்குவதற்காக. முன்வரிசை களைத்தால், அல்லது தோற்றால், அந்த இடைவெளிகளால் பின்னுக்குப் போகலாம். இரண்டாம் வரிசை அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டு முன்னே வரும். அதுவும் முடியாவிட்டால், ஒற்றை முழங்காலில் காத்திருக்கும் மூன்றாம் வரிசை எழும்பும். காரியம் மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டது என்பது உரோமரிடையே ஆபத்தான நிலைக்கு ஒரு பழமொழி. தோற்பவனுக்கும் களைத்தவனுக்கும் முன்கூட்டியே வழி விட்டு அமைத்த படை அது. ஒருவன் பின்வாங்கியதால் முழுப்படையும் உடையாது.

இந்த அமைப்பைக் கைவிட்ட ஒரு நாளில்தான் உரோமர் பெருந்தோல்வி அடைந்தார்கள். கி.மு. 216இல் கன்னேயில், ஆட்கள் அளவுக்கு அதிகமாக இருந்ததால், தளபதிகள் கைப்பிடிகளை நெருக்கி ஆழமாக நிறுத்தினார்கள். ஹனிபால் தன் படையின் நடுப்பகுதியைப் பிறை போல வளைத்து முன்னே நிறுத்தி, மெல்ல மெல்லப் பின்னே இழுத்தார். வெல்கிறோம் என்று நினைத்து உரோமர் உள்ளே உள்ளே போனார்கள். இரண்டு பக்கமும் ஆபிரிக்கக் காலாட்கள் திரும்பினார்கள். பின்னால் குதிரைப்படை வந்து அடைத்தது. வாளை ஓங்க இடமில்லை. லிவியின் கணக்கில் செத்தவர் 48 ஆயிரம், பொலிபியசின் கணக்கில் 70 ஆயிரம்.

தப்பி வந்தவர்களை உரோமர் கொல்லவில்லை. நாடு கடத்தினார்கள். எதிரி இத்தாலியில் இருக்கும்வரை நீங்கள் ஊருக்கு வரக்கூடாது என்று சிசிலித் தீவுக்கு அனுப்பினார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே கிடந்தார்கள். மன்னிக்கும்படி மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், மூதவை மறுத்தது. கடைசியில் இளம் சிப்பியோ வந்து அந்த அவமானப்பட்ட கிழவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினார். கி.மு. 202இல் சாமா என்ற இடத்தில் ஹனிபாலின் யானைகள் ஓடி வந்தபோது, சிப்பியோ கைப்பிடிகளை ஒன்றன்பின் ஒன்றாக நேரே நிறுத்தி நெடுக ஒழுங்கைகள் விட்டிருந்தார். யானைகளில் பல அந்த ஒழுங்கைகளால் ஓடி அப்பால் போய்விட்டன. அன்று வென்ற படையில் கன்னேயில் தோற்றுப் பிழைத்தவர்களும் நின்றார்கள்.

ஐந்து வருடம் கழித்து, கி.மு. 197இல், கினோசெபலே என்ற குன்றுகளில் மக்கெதோனியரின் ஃபலாங்ஸ் இடது பக்க உரோமரை நசுக்கிக்கொண்டு இறங்கியது. வலது பக்கத்தில் வென்றுகொண்டிருந்த ஒரு படை அதிகாரி, யாருடைய கட்டளைக்கும் காத்திராமல், இருபது கைப்பிடிகளைத் திருப்பிக் கொண்டுபோய் அந்தச் சுவரின் முதுகில் விழுந்தார். சுவரால் திரும்ப முடியவில்லை. அந்த அதிகாரியின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. இடைவெளி வைத்த படையில் மனிதனுடைய மூளைக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தது.

இவற்றையெல்லாம் எங்களுக்கு எழுதி வைத்த பொலிபியஸ் உரோமர் அல்லர், கிரேக்கர். கி.மு. 168இல் மக்கெதோனியா வீழ்ந்ததும், அடுத்த வருடம், உரோமர் நம்பிக்கையில்லாத ஆயிரம் கிரேக்கப் பிரமுகர்களைப் பிடித்து இத்தாலிக்குக் கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் பொலிபியஸ். விசாரணை என்றார்கள், விசாரணை ஒருநாளும் நடக்கவில்லை. பதினேழு வருடம் கழித்து ஊருக்குப் போக விட்டபோது உயிரோடு இருந்தவர் முந்நூறு பேர் கூட இல்லை. தன் நாட்டை விழுங்கிய படையைப் பற்றி உலகத்தில் மிக நல்ல விவரணத்தை எழுதியவர் ஒரு நாடுகடத்தப்பட்டவர். இங்கு வந்து குளிரில் கோப்பை கழுவிய காலத்தில் அவரை நான் அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

பொலிபியசின் ஆறாம் நூலில் ஒரு தண்டனை வருகிறது. ஒரு பிரிவு முழுவதும் தன் இடத்தை விட்டு ஓடினால் எல்லோரையும் கொல்ல முடியாது. அதனால் சீட்டுப் போட்டு ஏறக்குறைய பத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவர்களைத் தடியால் அடித்துக் கொல்வார்கள். மிஞ்சியவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி கொடுத்து, முகாம் மதிலுக்கு வெளியே, காவலற்ற இடத்தில் படுக்க விடுவார்கள். அடிப்பவர்கள் எதிரிகள் அல்லர். நேற்றுவரை ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள்.

1983இன் முதல் தவணையில் இதை வகுப்பில் சொன்னேன். இரண்டாம் வாங்கில் இருந்த ஒருவன் எழும்பினான். மெலிந்தவன், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"சேர், அந்தப் பத்தாவது ஆள் என்ன பிழை விட்டவன்?"

"மற்ற ஒன்பது பேர் விட்ட பிழைதான். சீட்டு அவனுக்கு விழுந்தது, அவ்வளவுதான்."

"அப்ப மற்ற ஒன்பது பேரும் ஏன் அடிக்கிறாங்கள்?"

"அடிக்காட்டில் அவங்களுக்கும் அதுதான்."

அவன் இருக்கவில்லை. இன்னும் ஏதோ கேட்க நின்றான். நான் அவனைக் கேட்க விடவில்லை. கரும்பலகையில் 'ஒழுங்கு' என்று பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு கீறினேன். இந்த ஒழுங்காலைதான் உரோம் உலகத்தை வெண்டது என்றேன். வகுப்புச் சிரித்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அப்படிச் சொல்வது எனக்கு ஒரு கெட்டித்தனமாகத் தெரிந்தது.

அந்த ஆடியில் கொழும்பு எரிந்தது. அடுத்த வருடம் வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. யார் எந்த இயக்கத்துக்குப் போனார்கள் என்று பாடசாலையில் ஒருவரும் கேட்பதில்லை. 1984 பங்குனியில் ஒருநாள் பின்னேரம் அவன் என் வீட்டுப் படலையில் வந்து நின்றான்.

"சேர், அந்தச் சீ.ஆர். கொப்பியை ஒருக்காத் தாங்கோ. திருப்பிக் கொண்டுவந்து தாறன்."

கொடுத்தேன். சோதனைக்குப் படிக்கப் போகிறான் என்று நான் நினைக்கவில்லை. எதற்கென்று எனக்குத் தெரியும். என் எழுத்து ஒரு விடுதலைப் படைக்கு உதவப் போகிறது என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. இரண்டு நாட்களில் அவனும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் கடல் கடந்தார்கள். அடுத்த வருடம், அவன் வந்த வள்ளம் கவிழ்ந்து கடலில் போய்விட்டான் என்று தாய்க்குச் செய்தி வந்தது. செத்த வீட்டுக்குப் போனேன். உடல் இல்லை, பாடசாலை அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தார்கள்.

மொன்றியலில் தொண்ணூறுகளில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் ஆண்கள் ஒரு பக்கம் கூடிப் போர் பேசுவார்கள். கைத்துப்பாக்கியோடு சைக்கிளில் திரிந்த பெடியள் படையணி அமைத்து, பீரங்கி வைத்து, மரபுவழிப் படையாகிவிட்ட கதை. 1991இல் ஆனையிறவில் வெட்டைவெளியில் 500க்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்ததை, பாடம் படித்தோம் என்று ஒரு வசனத்தில் கடந்து போவார்கள். 1996 ஆடியில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபின் அந்தப் பேச்சுக்கு அளவில்லை. ஆவணியில் ஒரு வீட்டில் என்னையும் இழுத்து விட்டார்கள். நானும் கன்னேயைப் பற்றிச் சொன்னேன். கடதாசித் தட்டுகளை வைத்துப் பிறை காட்டினேன். சேர் இன்னும் சொல்லுங்கோ என்றார்கள். நானும் சொன்னேன்.

வெளிக்கிடும்போது ஒரு ரக்சிக்காரர் என்னை வீட்டில் விடுவதாகச் சொன்னார். ஏறிய பிறகுதான் முகம் பிடிபட்டது. அந்தக் கூட்டாளி. தாடியும் வயிறும் வைத்திருந்தது. ஜோன்-தலோன் வீதியில் ஒரு கரையில் நிறுத்தினான். நல்ல வெக்கை. எதிர்ப்பக்கத்தில் சனங்கள் ஐஸ்கிறீமுக்கு வரிசையில் நின்றார்கள்.

"சேர், அவன் கடலில சாகேல்லை."

பயிற்சி முகாமில் அவன் ஏதோ கேட்டிருக்கிறான். வீட்டுக்குக் கடிதம் போட ஏன் விடவில்லை என்பதோ, முகாமை விட்டு ஓடியவர்களுக்கு என்ன நடந்தது என்பதோ. ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள். ஓர் இரவு எல்லோரையும் எழுப்பி வரிசையில் விட்டார்கள்.

"சீட்டு ஒண்டும் போடேல்லை சேர். பேர் வாசிச்சவங்கள். எங்கட கூடாரத்தில மற்ற ஆக்களிட்டைக் கொட்டன் தந்தவங்கள். நானும் நிண்டனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பார்லி தரேல்லை சேர். அண்டைக்கு இரவு இறைச்சிக்கறி தந்தவங்கள்."

இந்த இடத்தில் அவன் என் வகுப்பில் இருந்தவன் என்பது எனக்கு உறைத்தது. பார்லி என்ற சொல் அவனுக்கு என்னிடம் இருந்து போனது. பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடி, உங்கட கொப்பியைப் பொறுப்பாளர் வாங்கி வச்சிருந்தவர் என்றான். எந்தப் பக்கத்தைப் பொறுப்பாளர் வாசித்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவர் அதைத் திறந்தே பார்க்காமலும் இருந்திருக்கலாம். முகாம்களில் அடிப்பதற்கு ஒருவரும் பொலிபியசை வாசிக்கத் தேவையில்லை. இந்த ஆறுதலை நான் பலமுறை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு உரோமப் படையின் கதையை வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். மக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் ஓய்வு நாட்களில் போய் இருப்பேன். முதலில் கண்டது, பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனை உரோமரிடம் எவ்வளவு அரிது என்பது. கன்னேக்குப் பிறகு அவர்கள் அதைச் செய்யவில்லை. பெரும் வெற்றிகள் எல்லாம் இடைவெளி வைத்த படைக்கு வந்தவை. வழக்கொழிந்து கிடந்த தண்டனையைத் திரும்ப எடுத்தவர் க்ராசஸ் என்ற பெரும் பணக்காரர். ஸ்பார்த்தகசின் அடிமைப் போரில் ஓடிய 500 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து 50 பேரைக் கொல்வித்தார். அதற்குள் படையும் மாறிவிட்டிருந்தது.

கி.மு. 107இல் மாரியஸ் நிலமற்ற ஏழைகளைப் படையில் சேர்த்தார். கைப்பிடிகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து 480 பேர் கொண்ட கொஹோர்ட் ஆகின. பத்துக் கொஹோர்ட் ஒரு லீஜியன். எல்லோருக்கும் ஒரே ஆயுதம், ஒரே பயிற்சி. இவை எல்லாம் மாரியஸ் ஒருவரின் சீர்திருத்தம் என்றுதான் என் கொப்பியில் இருந்தது. இன்றைய ஆய்வாளர் பலர் அப்படிச் சொல்வதில்லை. பல தலைமுறையாக மெல்ல மெல்ல நடந்த மாற்றம் என்கிறார்கள். எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். திரும்பிப் போக வயல் இல்லாதவன், தனக்குக் காணி வாங்கித் தருவதாகச் சொன்ன தளபதியின் முகத்தைப் பார்த்தான். கி.மு. 88இல் சுல்லா தன் லீஜியன்களை உரோம் நகரத்துக்கு எதிராகவே நடத்தினார். 49இல் சீசர் ரூபிகோனைத் தாண்டினார். மிகத் திறமான அந்தப் படை தன் குடியரசைத் தின்று முடித்தது.

ஒகஸ்தஸ் அதைச் சம்பளப் படையாக்கி எல்லைகளுக்கு அனுப்பினார். கி.பி. 6இல் ஓய்வு பெறும் வீரருக்கெனத் தனிக் கருவூலம் வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவனுக்கு 12 ஆயிரம் செஸ்தெர்ஸ். ஆனால் கி.பி. 14இல் பன்னோனியாவில் கலகம் செய்த வீரர்கள், முப்பது நாற்பது வருடம் தேய்ந்த பின் தங்களுக்குக் கிடைப்பது சதுப்பும் மலைச்சரிவும் என்று அழுததைத் தசித்தஸ் எழுதியிருக்கிறார். குடியுரிமை இல்லாத அயலாருக்குத் துணைப்படைகள் இருந்தன. இருபத்தைந்து வருடம் சேவித்தால் குடியுரிமை. அதற்கு வெண்கலத் தகட்டில் பத்திரம். கனடியக் குடியுரிமைப் பத்திரத்தை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அந்தத் தகடு நினைவு வந்தது. கி.பி. 212இல் கரக்கல்லா பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்குமே குடியுரிமை கொடுத்தார். தகட்டின் மதிப்புக் குறைந்தது.

நாலாம் நூற்றாண்டில் படைக்குப் போகாமல் இருக்கக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. 2000 சித்திரையில் ஆனையிறவு விழுந்தபோது இங்கே வெடி கொளுத்தினோம். அதற்குச் சில வருடங்களில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளை பிடித்தார்கள். தாய்மார் வயது வராத பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். எனக்குக் கட்டைவிரல்கள் தெரிந்தன. 376இல் ஹூணருக்குத் தப்பி டன்யூப் கரைக்கு அகதிகளாக வந்த கோத்தியரை உரோமர் உள்ளே விட்டார்கள். பிறகு அதிகாரிகள் பட்டினி போட்டு, நாயிறைச்சிக்குப் பிள்ளைகளை அடிமையாக வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அதே அகதிகள் அட்ரியனோப்பிளில் பேரரசன் வாலன்சையும் அவனுடைய படையில் மூன்றில் இரண்டு பங்கையும் கொன்றார்கள். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, கடலுக்கும் படைக்கும் நடுவே அகப்பட்ட சனத்துக்குப் பின்வாங்க ஒரு இடைவெளியும் இருக்கவில்லை. ஒரு பக்கம் எறிகணை. மறுபக்கம், தப்பி ஓடுபவர் மீது தங்கள் பெடியளே வைத்த துவக்கு. அந்த மாதங்களில் தொலைக்காட்சியின் முன்னால் இருந்து நான் நினைத்தது கன்னேயை அல்ல. என் கரும்பலகையை.

உரோமின் பலம் இடைவெளியில் இருந்தது. நான் அதைத் தடியில் இருந்ததாகப் படிப்பித்தேன். கேள்வி கேட்ட ஒருவனை இருத்திவிட்டுப் படிப்பித்தேன்.

பேத்தி கறுப்புக் கட்டங்களை ஒழுங்காகக் கீறி முடித்திருந்தாள். இணையத்தில் எங்கோ பார்த்திருக்க வேண்டும். பத்தில் ஒருவரைக் கொல்வார்களாமே, அதை எழுதட்டோ என்றாள். எழுது, ஆனால் அரிதாகத்தான் செய்தார்கள் என்றும் எழுது என்றேன். சிசிலிக்கு அனுப்பியவர்களைப் பற்றியும் எழுது என்றேன்.

"அந்த ஒன்பது பேரும் பிறகு என்ன செய்தவை, அம்மப்பா?"

"பார்லி சாப்பிட்டவை. மதிலுக்கு வெளியில படுத்தவை."

"கனநாளோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளும் காத்திராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அன்றிரவு ரக்சிக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான், ஓய்வு எடுத்துவிட்டான். நடந்ததைச் சொன்னேன். கனநேரம் சத்தமில்லை.

"அவளுக்கு அவன்ர பேரைச் சொன்னீங்களோ சேர்?"

"இல்லை."

"சொல்லுங்கோ."

அடுத்த சனிக்கிழமை பேத்திக்குச் சொன்னேன். பெயர், அவனுடைய கையெழுத்து, இரண்டாம் வாங்கு, அவன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவள் எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. அவனுடைய தாய் இன்னும் ஊரில் இருக்கிறா. எண்பத்தாறு வயது. மகன் கடலில் போனான் என்றுதான் அவவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கீரிமலையில் கடலைப் பார்த்து நின்று கும்பிடுகிறாவாம்.